ரெண்டு பேர் கேபின்

அந்தச் சேர் வேண்டாமுங்க அம்மிணி, அதுல மடிக்காத துணி கெடக்குது. இப்படி சோபாவுல உக்காருங்க. ஃபேனைப் போட்டுக்குங்க. சுவிட்சு உங்க கைக்குப் பக்கத்துலயே இருக்குது. அது லைட்டு. அதுக்கு அடுத்தது. அதுவும் இல்லியா? எனக்கும் இந்த ஊட்டு சுவிட்சு இன்னும் பழகலீங்க, கட்டிக் குடிவந்து இருபது வருசம் ஆச்சு.

காப்பி குடிப்பீங்கல்ல? போடத் தெரியுமா? தப்பா நெனைக்காதீங்க, சமையலுக்கு வர்ற அம்மா காத்தாலயே சோத்தையும் குழம்பையும் வெச்சுப்போட்டுப் போயிருது, அப்பறம் காப்பிக்கு ஆளில்ல. பால் ஃபிரிட்ஜுல இருக்குது. தூள் எந்த டப்பான்னு எனக்குத் தெரியாது, மோந்து பாத்தீங்கன்னா தெரிஞ்சிரும். எனக்குச் சக்கரை கம்மியாப் போடுங்க. நீங்க போட்டுட்டே இருங்க, நான் இங்கிருந்தே பேசறேன். சத்தமாப் பேசித்தான் எனக்குப் பழக்கம். மிஷின் ஓடற எடத்துல ஆயுசு பூராம் நின்னவன்.

உங்க ஆபீசுல இருந்து ஒரு பையன் போன் பண்ணுனான். ஒரே கேள்விதான் கேட்டான். "சார், ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா? அதைச் சொன்னாத்தான் கேபின் போட முடியும்"னான். நேர்ல ஆளை அனுப்புப்பா, சொல்றேன்னேன். போன்ல சொல்ற பதில் இல்லீங்க அது. கொஞ்சம் கதை இருக்குது. கதைன்னா என்ன, கப்பல் கதைதான். மூணு கம்பெனிக் கப்பல்ல போய்ட்டு வந்துட்டேன். எல்லாமே சின்னக் கப்பல், எல்லாமே ஒசந்த ரகம். எது காசுக்குத் தகும், எது தகாதுன்னு என்னைக் கேட்டீங்கன்னா நீங்க உங்க மத்த பார்ட்டிகளுக்கும் சொல்லலாம். உங்க தொழிலுக்கு ஆகும்.

நம்ம தொழிலு பனியன் எக்ஸ்போர்ட்டுங்க. இப்ப வித்துப்போட்டேன். பையன் டொரான்டோவுல இருக்கறான், அவனுக்கு இது வேண்டாமாமா. நான் அந்தத் தொழில்ல இருந்தப்ப ஒரு பையர் வருவான், சரக்கு வாங்கறவன், ஹாலந்துக்காரன். சிரிக்க மாட்டான். மேசை மேல பீஸைப் பரப்பி வெச்சு, ஒவ்வொண்ணா உள்பக்கம் திருப்பி, தையலைப் பாத்துட்டே போவான். ஒரு நூலு தொங்குனாப் போதும், மொத்த லாட்டையும் தள்ளிருவான். நான் கையக் கட்டிட்டு நிப்பேன். யெஸ் சார். ஸாரி சார். எனக்குக் கீழ எறநூறு பேர் வேலை செய்யறாங்க, அவங்க முன்னாடி நிப்பேன். அப்ப ஒண்ணு நெனச்சுக்குவேன். ஒரு நாளைக்கு நானும் பையரா இருந்து பாக்கோணும், எவனாச்சும் என் முன்னாடி கையக் கட்டிட்டு நிக்கோணும்னு. கப்பல்ல ஏறுனப்பத்தான் அம்மிணி நான் பையர் ஆனேன்.

மொதல்ல போனது ஆஷ்டன் க்ரே. நார்வேப் பக்கம். வெள்ளைக்காரப் பாரம்பரியம், நெம்ப ஒசத்தின்னு பேரு. பெரிய கப்பல்ல நாலாயிரம் பேரு ஏறுவாங்களாமா, அது நம்ம பழைய பஸ் ஸ்டாண்டு மாதிரி. இதுல நூத்தம்பது பேருதான். பயணிக்கு ஒரு ஆளுன்னு வேலைக்காரங்க. நான் ஏறுனதும் மொத வேலையா பாத்ரூம் டவலைக் கையில எடுத்துப் பாத்தேன். டவல் என் கைக்கு வந்தா எடை தெரிஞ்சிரும். நல்ல கனம். நம்ம பக்கத்து நெசவுகூட இருக்கும், யாரு கண்டா. டவலுக்கு முழு மார்க்குப் போட்டேன்.

பேருலதான் கோளாறாயிப்போச்சு. நம்ம பாஸ்போர்ட்டு சங்கதி உங்களுக்குத் தெரியுமில்ல? சர்நேம்னு ஒரு கட்டம் வெச்சிருக்கறான். நமக்கேது சர்நேம்? என்னோடதுல எங்கப்பன் பேரு, மாரப்பன். எங்கூட்டுக்காரியோடதுல எம்பேரு, நல்லசிவம். கப்பல்ல கால் வெச்சதுல இருந்து நான் மிஸ்டர் மாரப்பன். எங்கப்பன் வெள்ளகோயில் சந்தையத் தாண்டிப் போனதில்லீங்க, அவரை நார்வேயில தெனமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க. அவ மிசஸ் நல்லசிவம். யாரோ நல்லசிவம்ங்கறவரோட சம்சாரம், மாரப்பன்ங்கற ஆளோட ஒரே கேபின்ல வந்திருக்குதுன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. பட்லர் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "சார், கட்டிலைச் சேத்துப் போடறதா, தள்ளிப் போடறதா"ன்னு மெதுவாக் கேட்டான். எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். சிரிச்சா பாருங்க. அடக்க முடியாமச் சிரிச்சா. வெளிய கேக்குது, வாய மூடுன்னேன். மூடிட்டா. நான் சொன்னா உடனே கேட்டுக்குவா, அதுல அவள ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது.

ரெண்டாவது பெல்வாரா. கிரீஸு, குரோஷியா, அந்தப் பக்கம். அது காசுக்கு நல்ல சரக்கு. எல்லாம் டிக்கெட்டுலயே அடக்கம், பையில கை வெக்க வேண்டியதில்ல. சர்வீசு மட்டும் கொஞ்சம் எச்சு. சும்மா சும்மா வந்து நிப்பான். தண்ணி ஊத்துவான், தட்டைத் திருப்பி வெப்பான், "ஆர் யூ ஹேப்பி, மேடம்?"னு அவளப் பாத்துக் கேப்பான். அவ என்னைப் பாப்பா. "ஷீ இஸ் ஹேப்பி"ன்னு நான் சொல்லுவேன். அவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனைக்காதீங்க. பி.யூ.சி. படிச்சவ, காலேஜுல இங்கிலீஷ் கட்டுரைக்குப் பிரைஸெல்லாம் வாங்கியிருக்கறா. ஆனா நான் எதுக்கால உக்காந்திருக்கறப்ப அவ எதுக்குங்க பேசோணும்? மெனுவ நான்தான் பாப்பேன், ரெண்டு பேருக்கும் நானே சொல்லிருவேன். ஒரு நாள் அவளுக்கு மீன் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழமை அவ கவிச்சி தொட மாட்டா, எனக்கு ஞாபகமில்ல. கடல்ல போறப்ப கெழமை எங்க தெரியுது. அவ ரொட்டிய மட்டும் தின்னுட்டு எந்திரிச்சுட்டா. சமையலறையில இருந்து பெரிய குக்கே வெளிய வந்து, "மீனுல ஏதாச்சும் குறையா மேடம்"னு கேட்டான். நான் சொன்னேன், மீன் நல்லாத்தான் இருக்குது, அவளுக்குப் பசியில்லன்னு. சொல்லிட்டு அதையும் நானே தின்னேன். பெல்வாராவுக்கு எட்டரை மார்க்கு போட்டேன். நீங்க யாருக்கு வேணும்னாலும் தைரியமாச் சொல்லலாம்.

மூணாவதுதான் லிட்டில் டெர்ன். இந்தோனேசியாவுல கெழக்குக் கோடியில சின்னச் சின்னத் தீவு. கப்பலு பழசு, பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கறான். முப்பது பேருதான் ஏற முடியும். டவலைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு, தொவைச்சுத் தொவைச்சுச் சல்லடையாயிருக்குது. குழாயில சுடுதண்ணி வரல. ஏ.சி. பொழுதனைக்கும் இருமுது. மத்தியானம் குடுத்த சூப்பையே ராத்திரிக்கு வேற கிண்ணத்துல குடுக்கறான். அந்த ரேட்டுக்கு இது அநியாயமுங்க. மூணுல கடைசி அதுதான், நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

அந்தக் கப்பல்தான் அவளுக்குப் புடிச்சிருந்துச்சு. இதுதான் அம்மிணி எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கேபினைக் கூட்டிப் பெருக்கறதுக்கு யூலின்னு ஒரு புள்ள. அந்தூருப் புள்ளதான். உங்க வயசு இருக்கும். மொத நாளே வந்து எங்கூட்டுக்காரிகிட்ட நேரா நின்னு கேட்டுச்சு, "உங்கம்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"ன்னு. மிசஸ் நல்லசிவம்னு ஃபைல்ல எழுதித்தான் இருக்குது. இவ கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்பறம் "மயிலு"ன்னா. மயிலாத்தாள்ங்கறது முழுப்பேரு. மயிலுன்னு அவங்க அம்மா ஊட்டுல கூப்பிட்டாங்களாமா, எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். நான் கூப்பிடறது எப்படின்னா... நான் பேரு சொல்றதில்லீங்க. இந்தான்னா வந்துருவா. அதுக்கப்பறம் கப்பல் பூராம் மயிலூ, மயிலூன்னு ஒரே சத்தம். காய் வெட்டற சமையக்காரன் மயிலூங்கறான், கேப்டன் மயிலூங்கறான். நான் யூலியக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஒசந்த கப்பல்ல இது மரியாதை இல்ல, மிசஸ் நல்லசிவம்னு சொல்லுன்னேன். தலைய ஆட்டிருச்சு. நான் அக்கட்டத் திரும்புனதும் மறுக்கா மயிலூ.

அவ ஆளே மாறிட்டா. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி மேல்தட்டுக்குப் போயிருவா. நான் போயிப் பாத்தா, ஆஸ்திரேலியாக்காரக் கெழவிங்க ரெண்டு பேரோட உக்காந்து இங்கிலீஷுல பேசிட்டிருக்கறா. சரளமா. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா. பேசு பேசுன்னேன், நான் ஒண்ணும் தடுக்கறவன் இல்லீங்க. ஆனா அதுக்கப்பறம் அவ பேசல.

ஒரு நாள் ஒரு தீவுகிட்ட நிறுத்துனாங்க. கடலுக்கடியில பவளப் பாறையாமா. ரப்பர் போட்டுல கூட்டிட்டுப் போயி, மூஞ்சிக்குக் கண்ணாடி மாட்டி, தண்ணியில மெதக்க உட்டுக் காட்டுவாங்களாமா. நமக்கெதுக்கு அதெல்லாம்? நான் கீழ மேனேஜரோட பேசிட்டிருந்தேன். சுடுதண்ணி விசயமா. குழாயப் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், டவலையும் கையோட கொண்டுபோயி அவன் மேசை மேல விரிச்சுக் காட்டுனேன். அவன் கையக் கட்டிட்டு நின்னான் அம்மிணி. ஸாரி சார்ன்னான். எனக்கு அந்த ஹாலந்துக்காரன் ஞாபகம் வந்துச்சு. மனசுக்கு நல்லா இருந்துச்சு.

பேசிப்போட்டு மேல வர்றேன், ரப்பர் போட்டு திரும்பி வருது. அதுல இவ. தலையெல்லாம் நனைஞ்சு, மூஞ்சியில கண்ணாடி அழுத்துன தடம். யூலியோட முழுக்காலுச் சட்டையும் ஒரு டீசர்ட்டும் போட்டிருக்கறா. லட்சக்கணக்குல டீசர்ட்டு தெச்சு அனுப்புனவன் நான், அவ உடம்புல ஒண்ணப் பாத்தது அன்னிக்குத்தான். அதுவும் நம்மூரு பீஸு இல்ல, தோள்கிட்டத் தையல் கோணலாயிருந்துச்சு. படியேறி எங்கிட்ட ஓடி வந்தா. "ஏனுங்க, அடியில ஒரு ஊரே இருக்குதுங்க. கலர் கலரா, அத்தனை மீனும் என் கையச் சுத்திச் சுத்தி வருதுங்க. நீங்களும் வாங்களே, வாங்க, யூலி புடிச்சுக்குவா"ன்னா. மூச்சு வாங்குது, விடாமப் பேசறா.

எனக்குப் பயமாயிருச்சுங்க. அது உண்மை. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் யாரைக் கேக்கறது? பையனுக்கு என்ன பதில் சொல்றது? அந்தப் பயத்துலதான் சொன்னேன். "வயசென்னாச்சு உனக்கு? பேரன் எடுத்தவ இப்படியா உடம்போட ஒட்டற துணி போட்டுட்டு நாலு பேரு முன்னாடி நிப்ப? போயி மாத்து போ." கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். நாந்தான் சொன்னனில்ல, மிஷின் ஓடற எடத்துல நின்ன தொண்டை. தமிழ் தெரியாட்டியும் அத்தனை பேருக்கும் புரிஞ்சிருச்சு. அவ உள்ள போயி மாத்திட்டு வந்துட்டா.

அதோட உட்டுருக்கலாம்ங்கறான் பையன். எப்படிங்க உடறது? ஒரு கம்பெனி, பயணியோட புருசனைக் கேக்காம அவளக் கடல்ல எறக்கியிருக்குது. பெரிய தப்பில்லியா அது? கம்ப்ளெயின்ட்டு எழுதுனேன். அந்த ஹாலந்துக்காரன் எப்படி எழுதுவானோ அப்படியே எழுதுனேன். என் அனுமதி இல்லாம என் மனைவியக் கூட்டிட்டுப் போனது யாரு, அவங்க மேல என்ன நடவடிக்கைன்னு. அவங்க பதிலை ஒண்ணும் குறை சொல்ல முடியாது. சாயங்காலமே மேனேஜர் கேபினுக்கு வந்து தலை குனிஞ்சு நின்னான். பூச்செண்டு, பழக்கூடை. அந்தப் புள்ளைய வேலையில இருந்து நிறுத்தியாச்சு, அடுத்த துறைமுகத்துல எறக்கி ஊருக்கு அனுப்பறோம்னான். கம்ப்ளெயின்ட்டைக் கவனிக்கற விசயத்துல மட்டும் லிட்டில் டெர்னுக்குப் பத்துக்குப் பத்து.

அன்னிக்கு ராத்திரி இவ சொன்னா. "நான்தானுங்க அந்தப் புள்ளைகிட்ட கேட்டேன், என்னையும் கூட்டிட்டுப் போன்னு. அது மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நான் கெஞ்சிக் கேட்டு வந்ததுங்க. எழுதுனதைத் திருப்பி வாங்கிக்கிங்க." கல்யாணமாயி நாப்பது வருசத்துல அவ எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்னு நெனைக்கறேன். நகை கேட்டதில்ல, சீலை கேட்டதில்ல. அது ஒண்ணுதான் கேட்டா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஒரு தடவை ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டு மறுக்கா வாங்குனா, அப்பறம் நம்மள ஒருத்தன் மதிக்க மாட்டான்னு. தொழில்ல அதுதான மொதப் பாடம். அவ லைட்டை நிறுத்திட்டா.

துறைமுகம்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு மரப்பாலம், நாலு கொட்டாயி. யூலி ஒரு பையத் தோள்ல மாட்டிட்டு எறங்கிப் போச்சு. இவ மேல்தட்டுக் கம்பியப் புடிச்சுட்டு நின்னா. நானும் பக்கத்துல நின்னேன். அந்தப் புள்ள கீழ நின்னு அண்ணாந்து பாத்து, "மயிலூ"ன்னு கூப்பிட்டுக் கையக் கையக் காட்டுச்சு. அழுதுட்டே சிரிக்குது. இவ ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டா. கோயில்ல கும்பிடறாப்பல. அந்தச் சின்னப் புள்ளையப் பாத்து எதுக்கு அப்படிக் கும்பிட்டான்னு நான் கேக்கலாம்னு இருந்தேன், கேக்கல.

அடுத்து ஒரு பையனப் போட்டாங்க. கச்சிதமான பையன். மிசஸ் நல்லசிவம்னு குனிஞ்சுதான் பேசுவான். சுடுதண்ணியும் வந்துருச்சு, டவலும் புதுசு. ஒரு குறையில்ல. இவதான் அதுக்கப்பறம் வாயே தொறக்கல. கேட்டா "ம்". சாப்பாட்டுல "ம்", தூங்கப் போறப்ப "ம்". மயிலூன்னு கூப்பிட்டவங்களும் நிறுத்திட்டாங்க, கப்பலே சத்தமில்லாம ஊரு திரும்புச்சு.

அப்பறம் என்ன, ஊட்டுக்கு வந்தோம். ஒரு மாசம் எல்லாம் சாதாரணமாத்தான் போச்சு. ஒரு நாள் ராத்திரி சோறு போடறப்ப, "நாளையில இருந்து சமைக்க ஒரு அம்மா வருவாங்க, நல்லவங்க, உங்க பக்குவமெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன்"னா. சரி, வயசாச்சு, முடியலபோலன்னு நெனச்சேன். காத்தால ஒரு பையோட கெளம்பி வாசல்ல நிக்கறா. கோயிலுக்கான்னேன். இல்லீங்கன்னா. தொண்டாமுத்தூர் ரோட்டுல வயசானவங்களுக்குன்னு ஊடு கட்டி உட்டிருக்கறாங்களே, அங்க ஒரு ஊடு எடுத்திருக்கறாளாமா. அவங்கப்பன் தோட்டங்காட்டுல அவ பங்கு வித்த பணம் அவ பேருல கெடந்துச்சு. நான் அதைத் தொட்டதில்ல, அவளும் தொட மாட்டான்னு இருந்தேன். சண்டையில்ல, சச்சரவில்ல. "மருந்து மேசை மேல இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டா.

ஏன் போனான்னு யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க அம்மிணி. பையனைக் கேட்டா, "அம்மாவ உட்டுருங்கப்பா"ங்கறான். நான் எங்க புடிச்சு வெச்சிருந்தேன், உடறதுக்கு? குடிச்சேனா? கை நீட்டுனேனா? உலகத்துலயே ஒசந்த கப்பல் மூணுல கூட்டிட்டுப் போயிருக்கறேன். எங்க சொந்தத்துல எந்தப் பொம்பளைய எவன் அப்படிக் கூட்டிட்டுப் போனான், சொல்லுங்க பாப்போம். அந்தக் கப்பல்காரனுகதான் கெடுத்தானுக. மேடம் மேடம்னு தாங்குனா, எந்தப் பொம்பளைக்கும் ஊடு புடிக்காமப் போயிரும்.

ஆனா எனக்கு அவ இல்லாம ஆகலீங்க. அதையும் சொல்லிர்றேன், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. பேசறதுக்கு ஆளில்ல. அவளோட என்னத்தப் பேசுனேன்னு கேட்டா அதுவும் தெரியல. ஆனா ஊட்டுக்குள்ள அவ நடக்கற சத்தம் ஒண்ணு இருக்கும். கொலுசெல்லாம் இல்ல, சும்மா காலு சத்தம்தான். அது இல்லாம டிவியப் போட்டு வெச்சுக்கறேன்.

அதனாலதான் யோசிச்சு யோசிச்சு, லிட்டில் டெர்ன்லயே மறுக்காப் போலாம்னு முடிவு பண்ணுனேன். எம் மார்க்குல அது கடைசிதான். ஆனா அவளுக்குப் புடிச்சது அதுதான. அந்தக் கம்ப்ளெயின்ட்டுக்காக அடுத்த பயணத்துல சலுகை தர்றோம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்கறாங்க, அதுவும் இந்த வருசத்தோட முடியுது. காசுக்கும் ஆச்சு, அவ மனசுக்கும் ஆச்சு. கப்பல் படமெல்லாம் எடுத்துட்டு, போன ஞாயித்துக்கெழமை தொண்டாமுத்தூர் போனேன்.

கதவைத் தட்டுனேன். தொறந்தா. சுடிதார் போட்டிருக்கறா, முடியக் கொஞ்சம் வெட்டியிருக்கறா, நல்லாத்தான் இருக்கறா. என்னைப் பாத்து, "வாங்க"ன்னா.

நீங்களும் இந்தப் பக்கத்துப் புள்ளதான, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம பக்கம் ஊட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்தா வாங்கன்னு சொல்லோணும். சொல்லாட்டி அது பெரிய குத்தம், அதுக்காகச் சம்பந்தமே முறிஞ்சிருக்குது. எதிரியா இருந்தாலும் வாசல்ல நின்னா வாங்கதான். ஆனா ஊட்டாளுக்கு யாராச்சும் வாங்கன்னு சொல்லுவாங்களா? காட்டுக்குப் போயிட்டு வர்ற புருசனை எந்தப் பொண்டாட்டி வாங்கங்கறா? நாப்பது வருசமா கம்பெனியில இருந்து வருவேன், செருப்பைக் கழட்டுவேன், உள்ள போவேன். அவ அடுப்படியில இருந்து எட்டிக்கூடப் பாக்க மாட்டா, ஆனா டம்ளர் வெக்கற சத்தம் கேக்கும். அதுதான ஊடு. அன்னிக்கு அவ கதவோரமா ஒதுங்கி நின்னு, "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லி, சொம்புல தண்ணி கொண்டாந்து ரெண்டு கையாலயும் குடுத்தா. "ஊட்டுல எல்லாம் சௌக்கியங்களா?"ன்னு கேட்டா.

ஊட்டுல யாரு அம்மிணி இருக்கறா? நான்தான் இருக்கறேன்.

சௌக்கியம்னேன். முறுக்கும் காப்பியும் வெச்சா. உபசரிப்புல ஒரு குறை சொல்ல முடியாது, பெல்வாராக்காரன் பிச்சை வாங்கோணும். நான் படத்தை எடுத்துக் காட்டுனேன். அதே கப்பல், அதே தீவு, இந்த வாட்டி நீ தண்ணியில எறங்கிக்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னேன். படத்தை வாங்கி நெம்ப நேரம் பாத்தா. "யூலி அங்க இருக்குதுங்களா?"ன்னா. அது எப்படி இருக்கும், வேற நல்ல ஆளாப் போடுவாங்கன்னேன். படத்தை மடிக்காம, ஓரம் கசங்காம என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டா.

வாய்க்கு வந்தது அதுதான். "நீ வரலைன்னா நான் ஒருத்தன் போனாலும் ரெண்டு பேரு காசு வாங்கிருவானுக. கேபினுக்குத்தான் காசே. அது தண்டம்தான?"ன்னேன். நியாயமாத்தான சொன்னேன்? கப்பல் கணக்கே அதுதான, உங்களுக்குத் தெரியாததா.

அவ கோவிச்சுக்கல. கோவமாப் பேசியிருந்தா எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியும். சாதாரணமா, கடைக்காரன்கிட்ட வெலை கேக்கற மாதிரி கேட்டா. "அந்த எச்சுக் காசு எவ்வளவு வருமுங்க? சொல்லியனுப்புங்க, நான் குடுத்தர்றேன். நீங்க ஆசப்பட்டாப்பல போயிட்டு வாங்க."

அப்படித்தான் சொன்னா. அவ வராம இருக்கறதுக்கு அவளே காசு தர்றேன்னு சொல்றா. அப்பறம் வாசக் கேட்டு வரைக்கும் கூட வந்தா, ஒறம்பரைய வழியனுப்பற மாதிரி. "நிதானமாப் போங்க"ன்னு டிரைவருக்கும் சொன்னா. அவிநாசி வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தேன் அம்மிணி. டிரைவரு கண்ணாடியில பாத்தான், ஏ.சி. காத்து கண்ணுல அடிக்குதுன்னேன், அவன் ஏ.சி.ய நிறுத்திட்டான். வேர்த்து ஊத்துச்சு, அதோட வந்து சேந்தேன்.

கொண்டாங்க. இப்படி வெய்யுங்க. காப்பி நல்லாத்தான் இருக்குது, சக்கரைதான் எச்சு. பரவால்ல, குடிச்சுக்கறேன்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். ஒருத்தருக்குப் போட்டா எவ்வளவு? ரெண்டு பேருக்கு? பாத்துச் சொல்லுங்க, அந்த லேப்டாப்புப் பொட்டியத் தொறந்து பாருங்க. ஒண்ணேதானா? ஒரு ரூவாகூட வித்தியாசமில்லியா? நான் நெனச்சேன். அப்ப ரெண்டுன்னே போடுங்க. ஒரே காசுக்கு எதுக்கு ஒரு ஆளை உடறது?

அவளா? வர மாட்டா. என்னை அப்படிப் பாக்காதீங்க அம்மிணி, வர மாட்டான்னு எனக்குத் தெரியுமுங்க. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. அவ காசும் எனக்கு வேண்டாம். நீங்க ரெண்டுன்னு போடுங்க. அப்படிப் போட்டா மேசையில எனக்கு எதுக்கால ஒரு தட்டு வெப்பாங்க. தண்ணி ஊத்த வர்றவன் அந்தத் தட்டைப் பாப்பான். மேடம் எங்க சார், இன்னும் வரலியான்னு கேப்பான். நூறு பேரு, முப்பது பேரு போற கப்பல்ல அது ஒரு வசதிங்க, ஒரு ஆளு கொறஞ்சாலும் வேளைக்கு ஒருத்தன் வந்து கேட்டுருவான். இந்த ஊட்டுல அவ எங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு ஆளில்லீங்க.